தெற்குச் சுவரில் ஓடும் வெந்நீர்

குத்துக்கல்வலசையில் பாறை தட்டும், அஸ்திவாரம் நிற்காது என்று படித்த இன்ஜினீயர் ஒருவர் கைவிட்டுப் போன மனையில் நான் வீடு எழுப்பினேன். அது இன்றைக்கும் நிற்கிறது. பாவூர்சத்திரத்தில் ஒரு காய்கறி கமிஷன் கடைக்கு, கீழே தக்காளி ஏலம் நடக்க நடக்கவே மேலே காங்கிரீட் கூரை போட்டேன். ஏலம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஒரே ஒரு தடவை ஏலம் கூறுகிறவர் தலையில் கலவை விழுந்தது. அவரும் துடைத்துக்கொண்டு விலையை ஏற்றினாரே தவிர நிறுத்தவில்லை. கீழப்பாவூரில் சைக்கிள் திரும்பாத சந்துக்குள், செங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய் மாடி வீடு கட்டினேன். செங்கோட்டை போகிற ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தை, அடைமழையில் தார்ப்பாய்க்கு அடியில் நின்று பூசி, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாவியைக் கொடுத்தேன். மாப்பிள்ளை சாய்ந்து உட்கார்ந்ததில் பெயின்ட் அவர் முதுகோடு போய்விட்டது. மற்றபடி ஒரு குறை சொல்ல முடியாது.

இதையெல்லாம் செய்தவன் ஐந்தாம் வகுப்பைப் பார்த்ததோடு சரி. கலவைச் சட்டி சுமந்து, கரண்டி பிடித்து, மேஸ்திரியாகி, பிறகு பெரிய பெரிய ஆட்கள் வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி, எங்க வீட்டையும் கொஞ்சம் பாருங்க" என்று கேட்கிற நிலைமைக்கு வந்தேன். யாரும் தூக்கிவிடவில்லை. நானே ஏறினேன்.

ஆனால் நான் கட்டியவற்றிலேயே பெரியது எது என்று கேட்டால், குற்றாலத்தில் என் சொந்த வீட்டின் தெற்குச் சுவரைச் சொல்லுவேன். சுவர் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். அந்தச் சுவர் சுடும்.

குற்றாலத்துக்கு எல்லாரும் குளிர வருகிறார்கள். நான் அங்கே போய் வீட்டைச் சூடாக்கினேன். இதை ஊரில் சொன்னபோது சிரிக்காத ஆள் இல்லை. டீக்கடையில் ஒருவர், "ஏன் அண்ணாச்சி, தூத்துக்குடியில போயி ஏசி போட்ட மாதிரி எதையாச்சும் உருப்படியாச் செய்யக்கூடாதா?" என்றார். அவருக்குத் தெரியாது, தூத்துக்குடிதான் என் பிரச்சினையே என்று.

என் மனைவிக்கு மூட்டுவலி. வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. ஆனி பிறந்து, கணவாய் வழியாகக் காற்று திரும்பி, சாரல் ஆரம்பித்ததும் அவளுடைய முழங்காலும் ஆரம்பித்துவிடும். சீசன் முடிகிறவரை இந்த வீட்டில் எதுவும் காயாது. துவைத்த வேட்டி கொடியிலேயே வாடை பிடிக்கும். உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராய் நிற்கும். கதவு ஊதிப்போய்ச் சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. நான்தான் கட்டினேன், நல்ல தேக்கு, ஆனாலும் ஊதும். அவளுடைய அக்காள் தூத்துக்குடியில் இருக்கிறாள். அங்கே உப்பளத்து வெயில், வறண்ட காற்று. போன சீசனுக்கு என் மனைவி அங்கே போனவள், சாரல் நின்று வெகுநாள் கழித்துத்தான் வந்தாள். அதுவரை நான் தென்காசி ஹோட்டல் பரோட்டாவையும் டிவியையும் வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருந்தேன். எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது மட்டும் காரணமில்லை. ஒரு ஆள் பதில் பேசாத வீட்டில் நான் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் எனக்கே அது கேட்கவில்லை.

இந்தத் தடவை சித்திரையிலேயே அவள் சொல்லிவிட்டாள்.

"அக்கா வீட்டு மாடி காலியாயிட்டு. இந்தச் சாரலுக்குப் போனா நான் திரும்ப வரமாட்டேன். அங்கனயே இருந்துக்கிடுவேன்."

"அப்ப நான்?"

"நீங்களும் வாங்க. யாரு வேண்டாம்னா?"

"நான் கட்டுன வீட்ட விட்டுட்டு அடுத்தவன் கட்டுன மாடியிலயா? அந்த மாடி படிக்கட்டப் பாத்தியா நீ? ஒரு படி உசரம், ஒரு படி தாழ."

"படி தாழ இருந்தாலும் கால் வலிக்கல."



இந்த நேரத்தில்தான் என் மச்சினன் உள்ளே நுழைந்தான். என் மனைவியின் தம்பி. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவன். பனிமலையில் காவல் இருந்தவன். எதைப் பேசினாலும் மைனஸ் டிகிரியில் தொடங்குவான். சாரல் குளிருக்குப் பயந்து என் மனைவி தூத்துக்குடிக்குப் போகப்போகிற கதையைக் கேட்டுவிட்டு, "அத்தான், இதுக்குப் பேரு குளிரா? நாங்க இருந்த எடத்துல முட்டைய உடைக்கச் சுத்தியல் வேணும். அங்கனயே மனுஷன் பனியன் போட்டுட்டு இருந்தான். எப்படி? இரும்பு அடுப்பு" என்றான்.

அவன் விளக்கியது இதுதான். அடுப்பின் முதுகில் தண்ணீர் நிற்கிற இரும்புப் பெட்டி. விறகு எரியும்போது பெட்டித் தண்ணீர் சூடாகும். சூடான தண்ணீர் தானாகவே மேல் குழாய் வழியாக மாடித் தொட்டிக்கு ஏறும். ஆறின தண்ணீர் கீழ்க் குழாய் வழியாக அடுப்புக்குத் திரும்பும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. தொட்டியிலிருந்து குளியலறைக்கு வெந்நீர். படுக்கையறையில் ஜன்னல் கம்பி மாதிரி குழாய்களை நிறுத்தி, அதற்குள்ளும் வெந்நீரை ஓடவிட்டால் அறை சூடாகும். தொட்டி மூடியில் காற்றுப் போக ஒரு திறந்த குழாய் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும் என்றும் சொன்னான். வெடிக்கும் என்று சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது.

"தொட்டி நேரா அடுப்புக்கு மேல இருக்கணும், அத்தான். சமையக்கட்டு மாடியில. குழா எவ்வளவு குட்டையோ அவ்வளவு சூடு."

மனைவி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சாரலுக்கு முன்னால எரியணும். எரிஞ்சா இருக்கேன். இல்லன்னா பஸ் ஏறிருவேன்" என்றாள்.

அடுப்பு பாவூர்சத்திரத்தில் வெல்டிங் ஆனது. விறகுக்குச் செங்கோட்டை அறுவை மில்லில் கழிவுத் துண்டுக்குச் சொல்லிவைத்தேன். அதுவரை எல்லாம் சரி. தொட்டி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் மூலை பார்க்காமல் நான் ஒரு செங்கல் வைத்ததில்லை. என் வீட்டிலேயே பார்க்காமல் வைத்தால் நான் கட்டிக்கொடுத்தவர்களெல்லாம் என்ன நினைப்பார்கள்? எனக்கு எப்போதும் மூலை பார்க்கிற கீழப்பாவூர் வாஸ்துக்காரரை வரவழைத்தேன்.

அவர் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அண்ணாச்சி, அடுப்புக்கு அக்னி மூலை. தென்கிழக்கு. சமையக்கட்டு அங்கனதான் இருக்கு, நல்லது."

"தொட்டி?"

"தண்ணின்னா ஈசானி மூலை. வடகிழக்கு."

"மாடி மேலதான வைக்கப்போறோம். கனம்லா?"

"மேல கனம்னா கன்னி மூலை. தென்மேற்கு."

"ஒரே தொட்டிக்கு ரெண்டு மூலை சொன்னா நான் எங்கன வைக்க?"

அவர் திசைகாட்டியை மூடினார். "பச்சத் தண்ணின்னா ஒடனே சொல்லிருவேன். இது வெந்நி. வெந்நிய நெருப்புன்னு எடுத்துக்கிடவா, தண்ணின்னு எடுத்துக்கிடவா? அதாக்கும் கேள்வி."

"எங்க ரெஜிமென்ட்ல இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்ல" என்றான் மச்சினன்.

"உங்க ரெஜிமென்ட்டு குடித்தனம் பண்ணவா போச்சு? சண்ட போடப் போச்சு."

வாஸ்துக்காரர் காப்பி கேட்டார். மனைவி கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை. டம்ளருக்குள் ஆள்காட்டி விரலை விட்டார். வெடுக்கென்று எடுத்து உதறினார்.

"நெருப்பு."

நாங்கள் காத்திருந்தோம். மறுபடி விட்டார்.

"இன்னும் நெருப்புதான்."

"ஆறிப்போயி அப்புறம் காப்பி நல்லால்லன்னு வெளிய சொல்லாதீய" என்றாள் மனைவி.

"கொஞ்சம் பொறுங்கம்மா. சாஸ்திரம் பாக்கோம்லா." மூன்றாவது தடவை விரலை விட்டு, எடுக்காமல் வைத்திருந்தார். முகம் தெளிந்தது. "இப்ப தண்ணி! பாத்தியளா அண்ணாச்சி, ஒரே டம்ளர்தான், நெருப்பா ஆரம்பிச்சுத் தண்ணியா முடிஞ்சிருக்கு. அப்ப நம்ம வெந்நியும் அக்னி மூலையில நெருப்பாக் கெளம்பி, தண்ணியாகிக் கன்னி மூலையில போயி உக்காரணும். தொட்டிய அங்கன வைங்க."

"வீட்டுக்குக் குறுக்க குழா போட்டா வழி கொறையும்" என்றான் மச்சினன்.

"வீட்டு நடுவுல குழா போகப்படாது. அது பிரம்மா இருக்க எடம். தெக்குச் செவுரோடயே போகட்டும்."

மச்சினன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அத்தான், அது இந்த வீட்டோட முழு நீளம்! வெந்நி போயிச் சேரதுக்குள்ள ஐஸ் ஆயிரும்!"

"பனிமலையில வேணா ஆகும், மாப்ள. இது நான் கட்டுன வீடு."

அவன் அக்காளைப் பார்த்தான். அக்காள், வாஸ்துக்காரர் விரல் விட்ட காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தெற்குச் சுவரில் குழாய் பதிக்க நீளமாகக் காடி வெட்டினோம். சமையலறையிலிருந்து சாப்பாட்டு அறை வழியாக, தென்மேற்கில் இருக்கிற எங்கள் படுக்கையறை வரைக்கும், போக ஒரு குழாய், திரும்ப ஒரு குழாய். இங்கே என் கைவேலையைச் சொல்லியாக வேண்டும். குழாய் அடுப்பிலிருந்து தொட்டி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு விரல்கடை தொங்கினாலும் அங்கே காற்று அடைத்துத் தண்ணீர் நின்றுவிடும். நானே முட்டிபோட்டு, ரசமட்டம் வைத்து, அங்குலம் அங்குலமாக ஏற்றம் கொடுத்தேன். மூடும்போதும் வெறும் சிமென்ட்டில் மூடவில்லை. சூட்டில் சிமென்ட் பூச்சு விரிந்துவிடும். சுண்ணாம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்று சுண்ணாம்புக் கலவை குழைத்துப் பூசினேன். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. பட்டாளமும் சொல்லவில்லை.

மச்சினன் தன் பங்குக்கு, படுக்கையறையில் நிறுத்தும் குழாய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தான். பார்க்கக் கேட் மாதிரி இருந்தது. வெல்டிங்காரர் பழக்கதோஷத்தில் மேலே இரண்டு வேல்முனையும் வைத்துவிட்டார்.

சாரல் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. சுவர் காய்வதற்குள்ளேயே ஆனிக் காற்று வந்துவிட்டது. மனைவி பையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டாள். அன்று மத்தியானமே அடுப்பைப் பற்றவைத்தோம். மில் துண்டு நன்றாகப் பிடித்துக்கொண்டது. புகை ஒழுங்காகப் புகைபோக்கியில் ஏறியது. பெட்டிக்குள் தண்ணீர் கடகடவென்று பேச ஆரம்பித்தது. மச்சினன் அடுப்பு முன்னால் விறைப்பாக நின்றான். மாடித் தொட்டியில் அவன் மாட்டியிருந்த சூடு காட்டும் கண்ணாடியில் சாரல் ஈரம் படிந்து முள்ளே தெரியவில்லை. அதனால் நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தோம்.

மனைவி கையை நீட்டினாள்.

"அருவித் தண்ணியே இதுக்குப் பரவால்ல."

"இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்றேன்.

போகவிட்டோம். விறகு போட்டுக்கொண்டே இருந்தோம். குளியலறைக் குழாயில் வந்த தண்ணீர், வெயிலில் வைத்த சொம்புத் தண்ணீர் அளவுக்கு வந்து அத்தோடு நின்றுகொண்டது. படுக்கையறையில் வேல்முனை வைத்த சட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். சவம் மாதிரி இருந்தது.

"நான் சொன்ன எடத்துல தொட்டிய வச்சிருந்தா இந்நேரம் ஆவி பறக்கும்" என்றான் மச்சினன்.

"ஏலே, நீ சும்மா இரி" என்றாள் மனைவி. பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், "நீங்க செஞ்சது போதும். நான் சாயங்கால பஸ்ஸப் பிடிச்சிருதேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவள் உடுப்பு எடுத்துவைக்கப் படுக்கையறைக்குள் போனாள். நானும் மச்சினனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பாட்டு அறையில் நின்றோம். பீரோ திறந்த சத்தம் கேட்டது. பை ஜிப் போட்ட சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

ரொம்ப நேரமாகியும் அவள் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன்.

தரையில் உட்கார்ந்திருந்தாள். காலை நீட்டி, முதுகைத் தெற்குச் சுவரோடு ஒட்டி, கண்ணை மூடி. பை மடியில் இருந்தது.

"ஏட்டி, என்ன செய்யுது?"

"செவுரு சுடுது."

எனக்கு நெருப்புத்தான் நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்ச் சுவரில் கையை வைத்தேன். இட்லித் துணியை விரித்து வைத்த மாதிரி, பதமான சூடு. சாப்பாட்டு அறைச் சுவரும் அப்படியே. அடுப்பிலிருந்து கிளம்பிய சூடு முழுவதையும் வழியிலேயே சுவர் வாங்கி வைத்துக்கொண்டது. தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது மிச்சம் மீதிதான். மச்சினன் சுவரைத் தட்டிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான். "அத்தான், இது பெரிய சேதாரம். இவ்வளவு சூடும் வீணாப் போகுது..."

"ரெண்டு பேரும் பேசாம வெளிய போங்க" என்றாள் அவள். "நான் கொஞ்சம் இடுப்பையும் வச்சுக்கிடுதேன்."

அன்றைக்குச் சாயங்கால பஸ் அவள் இல்லாமல் போயிற்று.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கட்டில் சுவரோடு சேர்ந்தது. அவளுக்கு முழங்கால் மடங்க ஆரம்பித்தது. உப்பு ஜாடி தெற்குச் சுவர் அலமாரிக்கு வந்து உப்பாகவே இருந்தது. வேட்டி காய்ந்தது. சுவரின் வெளிப்பக்கமும் சுடும் என்பது எங்களுக்கு முன்னால் தெருநாய்களுக்குத் தெரிந்துவிட்டது. நாயைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். பள்ளிக்கூட யூனிஃபார்ம், தலையணை உறை, பிழிந்துவைத்து வெயில் வராமல் ஏமாந்துபோன வடகம் என்று ஆளுக்கொன்றைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினார்கள். ஒரு நாள், அருவியில் குளித்துவிட்டு எண்ணெயும் ஈரமுமாக நடுங்கிக்கொண்டு வந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று, நாய்களுக்குப் பக்கத்தில் வரிசையாக முதுகைக் கொடுத்து நின்றது. என்ன வேண்டும் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல சார், நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றார் குடும்பத் தலைவர்.

மாடித் தொட்டியைக் குரங்குகள் எடுத்துக்கொண்டன. அந்த மிதமான சூடு அவற்றுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. குரங்கு உட்கார்ந்திருந்தால் தண்ணீர் குளிக்கிற பதத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எழுந்து போய்விட்டால் விறகு போட வேண்டும். மச்சினன் மாட்டிய கண்ணாடியைவிட இது துல்லியம். குளிக்கப் போகுமுன் என் மனைவி வாசலுக்கு வந்து மேலே பார்த்து, "உக்காந்திருக்கா, இல்லியா?" என்று கேட்பாள். பெரிய குரங்கு உட்கார்ந்திருந்தால் தலைக்கே குளிக்கலாம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஒன்றைத் தவிர.

அக்காளுக்குப் போன் போட்டு அவள் பேசுவதை நான் கேட்டேன். "இந்த வருஷம் வரல அக்கா. மாடிய வாடகைக்கு விட்டுரு. எல்லாம் நம்ம தம்பி புண்ணியம். பட்டாளத்துல பாத்துட்டு வந்து போட்டான்." வெளியே சுவரில் முதுகு காய்கிறவர்களிடமும் இதையேதான் சொல்லுகிறாள். அவர்களும் போகும்போது மச்சினனுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போகிறார்கள். அவன் அதை வாங்கிக்கொள்கிறான். வாஸ்துக்காரர் கீழப்பாவூரில், "நான் விரல விட்டுப் பாத்துச் சொன்ன வீடு" என்று பேசிக்கொண்டு திரிகிறாராம்.

நேரிலேயே கேட்டேன்.

"அப்ப நான் என்ன செஞ்சேன்?"

"நீங்க தொட்டிய மாத்தி வச்சீய."

"மாத்தி வச்சதுனாலதான செவுரு சுடுது!"

"சுடும்னு தெரிஞ்சா வச்சீய?"

"யக்கா, நான் சொன்ன எடத்துல வச்சிருந்தா குளிக்க நல்ல வெந்நி வந்திருக்கும்லா" என்று மச்சினன் நடுவில் வந்தான்.

"வந்திருக்கும்வே! உங்க அக்கா நல்லாக் குளிச்சிட்டுத் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறியிருப்பா!"

அவள் சிரித்தாள். சிரிப்பதும் ஒத்துக்கொள்வதும் ஒன்றாகாது.

ஆகவே இதை எழுத்திலேயே கேட்கிறேன். அடுப்பு மச்சினன் சொன்னது. அதை நான் மறுக்கவில்லை. மூலை வாஸ்துக்காரர் சொன்னது, சரி. ஆனால் ஊரே சிரித்தபோது பிடிவாதமாக நின்று, வெந்நீரை வீட்டின் முழு நீளத்துக்கும் நடத்திக் கூட்டிப்போனவன் நான். அந்த ஏற்றம் நான் கொடுத்தது. அந்தச் சுண்ணாம்பு நான் குழைத்தது. ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுப்பை அணைத்துவிடுவேன் என்று மிரட்டவும் எனக்கு வழியில்லை, அணைத்தால் அவள் போய்விடுவாள். அதனால் கேட்கத்தான் முடியும். அவள் இன்றைக்கே தூத்துக்குடிக்குப் போன் போட வேண்டும், ஸ்பீக்கரில் போட வேண்டும், மச்சினனும் பக்கத்தில் நிற்க வேண்டும்: "அக்கா, தொட்டியக் கன்னி மூலையில வச்சது இவுகதான். நான் இங்கன இருக்கது இவுகளாலதான்." இந்த இரண்டு வரியையும் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும்.